பெரிய கப்பலா, சின்னக் கப்பலா? க்ரூஸ் புக் பண்ணும் முன் இதைப் படிச்சிடுங்க!

அடுத்த மார்ச்சில் அப்பா ரிட்டயர் ஆகிறார். ‘ஒரு தடவையாவது கப்பல்ல போகணும்’ என்று அவர் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நானும் தங்கையும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதற்கென இருவரும் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறோம். அது ஒரு பயணத்துக்குத்தான் போதும். தப்பாகத் தேர்வு செய்துவிட்டால் இன்னொரு தடவை கிடையாது.

தங்கை ஒரு ரீல் அனுப்பினாள். கப்பல் மேலேயே வாட்டர் ஸ்லைடு, ஐஸ் ஸ்கேட்டிங், நீச்சல் குளம். அதைப் பார்த்த அப்பா, “என்னம்மா இது, தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி இருக்கு” என்றார். அம்மாவின் கேள்வி வேறு: “முட்டி வலியோட நான் எப்படி ஏறி இறங்குவேன்?”

இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு கொஞ்சம் ஆழமாகத் தேடினேன். க்ரூஸ் பிளான் பண்ணுகிற உங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

முதல்ல, ‘பெரிசு’ன்னா எவ்ளோ பெரிசு?

2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய ராயல் கரீபியனின் ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலை எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 365 மீட்டர், 20 தளங்கள். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் 5,610 பயணிகள். கூடுதல் படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேர் வரை போகலாம். ஊழியர்கள் மட்டும் சுமார் 2,350 பேர்.

இன்னொரு பக்கம், 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து கிளம்பிய ‘கங்கா விலாஸ்’. இது ஆற்றுக் கப்பல். 62 மீட்டர் நீளம், 18 அறைகள், மொத்தமே 36 பயணிகள்.

நம்ம ஊருக்குத் தெரிந்த கப்பல் இரண்டுக்கும் நடுவில் வரும். 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட கார்டிலியாவின் ‘எம்பிரஸ்’, சுமார் 210 மீட்டர் நீளம். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போனது. இன்றைய உலகக் கணக்கில் இது நடுத்தர சைஸ்தான்.

‘டன்’ என்று போட்டிருக்கே, அது எடையா?

இல்லை. பலரும் குழம்புகிற இடம் இது. கப்பல் விளம்பரங்களில் வரும் ‘கிராஸ் டன்னேஜ்’ என்பது கப்பலின் உள்ளே இருக்கும் மொத்தக் கொள்ளளவைக் காட்டும் எண். எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த எண்ணை வைத்து நாமே ஒரு சின்னக் கணக்கு போடலாம். டன்னேஜைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் என்பது தெரியும். ஐகானின் 2,48,663-ஐ 5,610-ஆல் வகுத்தால் சுமார் 44. எம்பிரஸின் 48,563-ஐ, அறைக்கு இருவர் கணக்கில் வரும் சுமார் 1,600 பேரால் வகுத்தால் 30. சில்வர்சீ நிறுவனத்தின் சொகுசுக் கப்பலான ‘சில்வர் நோவா’ 54,700 டன்தான். ஆனால் 728 பயணிகள் மட்டுமே என்பதால் விடை 75.

அதாவது, கப்பல் பெரிசா இருந்தா கூட்டம் அதிகமாத் தெரியும், சின்னதா இருந்தா நிம்மதியா இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ல முடியாது. சின்னக் கப்பலிலும் நெரிசல் உண்டு, பெரிய கப்பலிலும் காலியான மூலைகள் உண்டு. புக் பண்ணும் முன் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பாருங்க. விடை 30-ஐ ஒட்டி இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் நிற்கத் தயாராகிக்கொள்ளுங்க.

குமட்டல் வருமா?

க்ரூஸ் என்றதும் எல்லோர் மனதிலும் வரும் பயம் இதுதான். பொதுவாக, பெரிய கப்பல் அலையில் குறைவாக ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க, தண்ணீருக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி நீளும் ‘ஸ்டெபிலைசர்’களும் இப்போதைய கப்பல்களில் உண்டு. கடல் மோசமாக இருந்தால் இரண்டுமே ஆடத்தான் செய்யும். என்றாலும் சின்னக் கப்பலில் அதை அதிகமாக உணர்வீர்கள்.

கப்பல் சைஸைவிட அறை இருக்கும் இடம் முக்கியம். நீளவாக்கில் நடுப்பகுதி, கீழ்த்தளங்கள்: இங்கே ஆட்டம் குறைவு. மேல்தளத்தில் முன்முனையில் இருக்கும் அறையில் வியூ அருமையாக இருக்கும், வயிறு அதை ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

மாதத்தையும் பாருங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையால் அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் காலம்.

சில ஊர்கள் பெரிய கப்பலை உள்ளேயே விடாது!

இது ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம். ‘வெனிஸ்’ என்று பயணத் திட்டத்தில் போட்டிருப்பதால் கப்பல் நகரத்தின் நடுவே போகும் என்று நினைக்காதீங்க. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேலோ, 180 மீட்டர் நீளத்துக்கு மேலோ உள்ள கப்பல்கள் அங்கே ஜூடெக்கா கால்வாய் வழியாகப் போகத் தடை. 2019-ல் ஒரு க்ரூஸ் கப்பல் அதே கால்வாயில் படகுத்துறையில் மோதியபோது எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது.

அண்டார்டிகாவில் விதி இன்னும் கறார். 500-க்கும் அதிகமான பயணிகளோடு வரும் கப்பலிலிருந்து யாரும் கரையில் இறங்க முடியாது, கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதற்குக் குறைவாக இருந்தாலும் ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் இறங்கலாம். பனியில் கால் வைக்கணும்னா சின்னக் கப்பல்தான் ஒரே வழி.

கிரீஸின் சாண்டோரினிக்குப் பெரிய கப்பல்கள் போகும், ஆனால் கரையோரம் கட்டாது. கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, சிறு படகுகளில் பயணிகளை அழைத்துப் போவார்கள். பழைய துறைமுகத்தில் இறங்கினால் மேலே ஊருக்குப் போக கேபிள் கார், இல்லையென்றால் கிட்டத்தட்ட 600 படிகள். 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 க்ரூஸ் பயணிகள் என்ற உச்சவரம்பும் அங்கே வந்திருக்கிறது.

வயசான அப்பா, அம்மாவோட போறீங்களா?

அப்படியென்றால் பயணத் திட்டத்தில் ‘டெண்டர்’ என்ற வார்த்தையைத் தேடுங்க. மேலே சொன்ன அந்தச் சிறு படகுதான் டெண்டர். ஆடுகிற படகில் கால் வைத்து ஏறணும், இறங்கணும். முட்டி வலி இருப்பவர்களுக்கு இது பெரிய சோதனை. கப்பல் நேராகத் துறைமுகத்தில் கட்டினால் ஏணிப்பாலம் வழியாக நடந்தே இறங்கிவிடலாம்.

சின்னக் கப்பல் என்றால் சின்னத் துறைமுகத்திலும் நேராகக் கட்டும் வாய்ப்பு அதிகம். ஆனால் இயற்கையைப் பார்க்கப் போகும் சாகசக் கப்பல்களில் பெரும்பாலும் ரப்பர் படகில்தான் கரைக்குப் போக வேண்டியிருக்கும். லட்சத்தீவிலும் கப்பலிலிருந்து படகுக்கு மாற வேண்டியிருக்கும், காரணம் தீவைச் சுற்றியுள்ள காயல் ஆழமில்லாதது.

பெரிய கப்பலிலும் ஒரு சிக்கல் உண்டு: நடை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மூன்று கால்பந்து மைதான நீளம். லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கேளுங்க.

கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் ஃபீஸ் தனி. வெளிநாட்டுக் கட்டணத்தில் பில் வரும் என்பதால் டிராவல் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஏறாதீங்க. வயிற்றுப்போக்கு மாதிரி தொற்றுகள் கப்பலில் வேகமாகப் பரவும். நோரோவைரஸுக்கு சானிடைசரைவிட சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் சரியான பாதுகாப்பு.

பாக்கெட்டுக்கு எது நல்லது?

ஒரு இரவுக்கான கட்டணத்தைப் பார்த்தால் பெரிய கப்பல்தான் பெரும்பாலும் மலிவு. ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவே செலவு பிரிந்துவிடுகிறது. ஆனால் வைஃபை, குளிர்பானம், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், கரைச் சுற்றுலா என்று உள்ளே போனதும் பில் ஏறும். ஊழியர்களுக்கான டிப்ஸும் பல கப்பல்களில் தினமும் தானாகவே கணக்கில் சேரும். சின்ன சொகுசுக் கப்பல்களில் இவற்றில் பலவும் டிக்கெட்டிலேயே அடக்கம், அதனால்தான் தொடக்க விலையே மயக்கம் போட வைக்கும். இரண்டையும் ஒப்பிடும்போது டிக்கெட் விலையைப் பார்க்காம, மொத்தச் செலவைப் பாருங்க.

சோலோ டிராவலர்ஸ் கவனத்துக்கு: விலை ‘ஒரு நபருக்கு’ என்றிருந்தாலும் அது அறையில் இருவர் தங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு. தனியாகப் போனால் கிட்டத்தட்ட இருவர் கட்டணத்தையே கேட்கலாம். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் பிடித்தமும் இருக்கும், வருமான வரி ரிட்டர்னில் அதைக் கணக்கு காட்டிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் ஏறி, வேறு நாட்டைத் தொட்டுவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குகிறீர்கள் என்றால், ஒரு தடவைக்கு மேல் நுழைய விசா அனுமதிக்கிறதா என்பதையும் சரிபாருங்க.

அப்போ, யாருக்கு எது?

குழந்தைகள், கலவையான வயசில் பெரிய குடும்பம், முதல் தடவை, பட்ஜெட் முக்கியம்: பெரிய கப்பல்.

ஊர் பார்க்கணும், கூட்டம் ஆகாது, கப்பலில் பொழுதுபோக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை: சின்னக் கப்பல்.

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேணும், இரண்டு மூணு நாள் டேஸ்ட் பார்த்தாப் போதும்: நடுத்தரக் கப்பலில் ஒரு வீக்எண்ட்.

எங்க வீட்டு முடிவு? அம்மாவின் முட்டிக்காகப் பெரிய கப்பல், சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு, டெண்டர் இல்லாத துறைமுகங்கள் மட்டும். எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகு அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்: “ராத்திரி ரூம்ல இருந்தே கடல் தெரியுமா?” அவருக்கு வேண்டியது அதுதான். அதனால் அவர்கள் இருவருக்கும் நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் பால்கனி அறை. எனக்கும் தங்கைக்கும் ஜன்னலே இல்லாத உள் அறை. வாட்டர் ஸ்லைடு எங்களுக்கு, கடல் அப்பாவுக்கு!