சீனக்குடா விமானத்தளம்: வரலாறும் பயன்பாடும்

கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் புகையிரதம் தம்பலகாமத்தைக் கடந்து சீனக்குடாவை அடைகின்றது. அங்குள்ள விமானத்தளம் மக்கட் போக்குவரத்தை நோக்கமாகக் கொண்டு எழுந்ததன்று. திருகோணமலை இயற்கைத் துறைமுகத்தில் தரித்த பிரித்தானியக் கடற்படையின் தேவையே அதனைத் தோற்றுவித்தது.

1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் இத்தளத்தையும் ஒருங்கே தாக்கின. 1944 இல் இதன் ஓடுபாதை 7,000 அடிக்கு மேல் நீட்டப்பட்டது. எரிபொருளும் குண்டுகளும் நிறைந்த கனரக விமானம் மேலெழுதற்குரிய வேகத்தைப் பெற நீண்ட பாதை இன்றியமையாதது. அவ்வாண்டு ஆகஸ்ட் 10 ஆம் நாள் 50க்கும் மேற்பட்ட அமெரிக்க பீ-29 விமானங்கள், சுமாத்திராவிலுள்ள பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்குதற்கு இங்கிருந்தே புறப்பட்டன.

1957 இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கொடி மாறிற்று, நோக்கம் மாறவில்லை. இன்றும் நிருவாகம் விமானப்படையிடமே உள்ளது. அதன் பயிற்சிக் கல்லூரியும் இங்கேயே இயங்குகின்றது. குடிசார் விமானங்கள் இறங்க வாய்ப்புண்டெனினும், அது படைத்தள ஒழுங்குக்கு உட்பட்டதே. வெளிநாட்டுத் தொழிலுக்குப் புறப்படும் கந்தளாய்வாசி, அண்மையில் நீண்ட ஓடுபாதை இருந்தும், தீவைக் குறுக்கே கடந்து கட்டுநாயக்காவுக்குச் செல்ல வேண்டியுள்ளது.

பலாலியும் இரண்டாம் உலகப் போர்க்காலத் தளமே. எனினும் 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. ஆகவே, ஒரு தளத்தின் பிறப்பு அதன் எதிர்காலத்தை முடிவு செய்துவிடுவதில்லை. யாருடைய தேவை முதன்மை பெறுகின்றது என்பதே அதனை முடிவு செய்கின்றது.