16 வருஷம், 2,632 ஆட்டம், ஒரு லீவுகூட இல்லை: யார் இந்த கால் ரிப்கென்?

1995 செப்டம்பர் 6. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு பேஸ்பால் ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸ் பாதியில் ஆட்டம் நின்றது. மழை இல்லை, யாருக்கும் அடிபடவும் இல்லை. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் இல்லை, 22 நிமிஷம்! அதிபர் பில் கிளின்டனும் அங்கே இருந்தார்.

அந்தக் கைதட்டலுக்குச் சொந்தக்காரர் கால் ரிப்கென் ஜூனியர். அப்படி என்ன செய்தார்? வேலைக்கு வந்தார். இடையில் ஓர் ஆட்டம்கூட விடாமல், 2,131-வது முறையாக.

பேஸ்பாலில் ஐந்து இன்னிங்ஸ் அளவுக்கு ஆட்டம் நடந்துவிட்டால்தான் அது கணக்கில் சேரும். அந்த நொடிக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு மனிதர் லீவு போடாததை ஒரு நாடே ஏன் கொண்டாடியது? அது உண்மையிலேயே நல்ல விஷயம்தானா? விரிவாகப் பார்ப்போம்.

இன்ஃபீல்டர் என்றால் யார்?

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு பேஸ்பாலும் இடம்பெறுகிறது. அதனால் அடிப்படையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பேஸ்பால் மைதானத்தின் உள்பகுதி வைர வடிவில் இருக்கும். நான்கு முனைகளில் ஒன்றில் பேட்டர் நிற்பார். மற்ற மூன்றும் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்கள். அவற்றைக் காக்க ஆளுக்கு ஒருவர். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவர் 'ஷார்ட்ஸ்டாப்'. இந்த நால்வரும்தான் இன்ஃபீல்டர்கள்.

இதில் ஷார்ட்ஸ்டாப்புக்கு ஓய்வே கிடையாது. வலது கை பேட்டர்கள் இழுத்து அடிக்கும் பந்து அவர் பக்கம்தான் பாயும். கிரிக்கெட்டில் பாயின்ட் ஃபீல்டர் தடுமாறினால் பெரும்பாலும் ஒரு ரன்னோடு போய்விடும். இங்கே அப்படி இல்லை. பேட்டர் 90 அடி ஓடி முதல் பேஸைத் தொட நான்கு விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அதற்குள் தரையில் துள்ளி வரும் பந்தை எடுத்து, திரும்பி, மைதானத்தின் குறுக்கே எறிய வேண்டும். போதாக்குறைக்கு, எதிரணி ரன்னர்கள் சறுக்கிக்கொண்டு காலிலேயே வந்து மோதுவார்கள்.

ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். ஆறு மாதம் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்தான். இந்த இடத்தில்தான் ரிப்கென் தன் தொடரின் பெரும்பகுதியை ஆடினார்.

அப்பா வேலை பார்த்த அதே கம்பெனி

ரிப்கென் 1960-ல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர். அப்பா கால் ரிப்கென் சீனியர், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி நிர்வாகத்தில் பயிற்சியாளர். 1978-ல் மகனையும் அதே அணி தேர்ந்தெடுத்தது. 1981-ல் மேஜர் லீக்கில் அறிமுகம். கடைசி வரை வேறு அணிக்குப் போகவே இல்லை.

அப்போது 6 அடி 4 அங்குல உயரக்காரரை ஷார்ட்ஸ்டாப்பாக நிறுத்த மாட்டார்கள். குள்ளமான, துறுதுறுப்பான ஆள்தான் சரி என்பது எழுதாத விதி. மேலாளர் ஏர்ல் வீவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1982 ஜூலையில் ரிப்கெனை மூன்றாம் பேஸிலிருந்து அங்கே மாற்றினார். அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 30 அன்றுதான் அந்தத் தொடர் ஆரம்பித்திருந்தது. யாரும் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

அந்த ஆண்டு சிறந்த புதுமுகம். 1983-ல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது, கூடவே வேர்ல்ட் சீரீஸ் கோப்பை. 1990-ல் 161 ஆட்டங்களில் ஃபீல்டிங்கில் அவர் செய்த தவறு வெறும் மூன்று!

எல்லாம் இனிப்பாகவே போகவில்லை. 1987-ல் அப்பாவே அணியின் மேலாளர் ஆனார். தம்பி பில்லி இரண்டாம் பேஸில், அண்ணன் பக்கத்திலேயே ஷார்ட்ஸ்டாப். அடுத்த சீசனில் முதல் ஆறு ஆட்டங்களும் தோல்வி. நிர்வாகம் அப்பாவை வேலையை விட்டுத் தூக்கிவிட்டது. அதற்குப் பிறகும் அணி தோற்றுக்கொண்டேதான் இருந்தது, மொத்தம் தொடர்ந்து 21 தோல்வி. அப்பாவை அனுப்பிய அதே நிர்வாகத்துக்காக மகன் மறுநாளும் மைதானத்துக்கு வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார்.

'கொஞ்சம் உட்காரலாமே!'

இன்று எல்லோரும் புகழ்கிற இந்தத் தொடரை, அன்று பலர் திட்டினார்கள். பேட்டிங் சரிந்தபோதெல்லாம் வந்த கேள்வி ஒன்றுதான்: 'களைத்துப் போனவர் எதற்காக தினமும் ஆடுகிறார்? அணிக்காகவா, சாதனைக்காகவா?'

கேள்வியில் நியாயம் இருந்தது. 1990-ல் அவருடைய பேட்டிங் சராசரி .250 தான். 1991-ல் .323 சராசரி, 34 ஹோம் ரன் என்று வெளுத்து வாங்கி இரண்டாவது முறையாகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். அடுத்த ஆண்டே மறுபடியும் .251. ஓய்வு இல்லாததுதான் காரணமா என்று யாராலும் நிரூபிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 500 ஆட்டத்தில் இருக்கும் வீரரை மேலாளர் சாதாரணமாக உட்கார வைக்கலாம். 2,000 ஆட்டத்தில் இருப்பவரை உட்கார வைத்தால் ஊரே கொந்தளிக்கும். எண்ணிக்கை ஏற ஏற, அவருக்கு ஓய்வு தரும் அதிகாரம் மேலாளர் கையை விட்டு நழுவிக்கொண்டே போனது.

1993-ல் மைதானத்தில் நடந்த கைகலப்பில் முழங்கால் திருகிக்கொண்டது. ஆனாலும் அடுத்த ஆட்டத்தில் இறங்கினார். 1996-ல் ஆல்-ஸ்டார் அணிக்கு குரூப் போட்டோ எடுக்கும்போது சக வீரரின் கை பட்டு மூக்கு உடைந்தது. மூக்கைச் சரிசெய்துகொண்டு அன்றே ஆடினார்!

ஸ்ட்ரைக்கும் கைதட்டலும்

அந்த 22 நிமிஷத்தைப் புரிந்துகொள்ள 1994-க்குப் போக வேண்டும். சம்பளத்துக்கு உச்சவரம்பு கொண்டுவர முதலாளிகள் முயன்றார்கள். ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1904-க்குப் பிறகு முதல்முறையாக வேர்ல்ட் சீரீஸ் ரத்தானது. 'கோடீஸ்வரர்களுக்கும் கோடீஸ்வரர்களுக்கும் சண்டை, நாங்கள் எதற்கு டிக்கெட் வாங்க வேண்டும்?' என்ற கோபம் ரசிகர்களிடம் இருந்தது.

மாற்று வீரர்களை வைத்து 1995 சீசனைத் தொடங்கவும் முதலாளிகள் தயாரானார்கள். அப்படி நடந்திருந்தால், ஸ்ட்ரைக்கில் இருந்த ரிப்கெனின் தொடர் அங்கேயே அறுந்திருக்கலாம். ஓரியோல்ஸ் உரிமையாளர் பீட்டர் ஏஞ்சலோஸ் மட்டும் மாற்று வீரர்களை இறக்க மறுத்தார். கடைசியில் வீரர்களுக்குச் சாதகமாக ஒரு நீதிமன்ற உத்தரவு வந்தது. அதைக் கொடுத்தவர் சோனியா சோட்டோமேயர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர்.

ஆட்டம் திரும்பியது. ரசிகர்களின் நம்பிக்கை திரும்பவில்லை. அந்த நேரத்தில்தான், தினமும் வேலைக்கு வந்த ஒருவர், லூ கெரிக்கின் 2,130 ஆட்டச் சாதனையைத் தாண்டினார். கெரிக்கும் இன்ஃபீல்டர்தான், நியூயார்க் யாங்கீஸின் முதல் பேஸ் வீரர். 1939-ல் உடல் ஒத்துழைக்காமல் அவராகவே விலகினார். பிறகுதான் அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஏஎல்எஸ் நோய் என்று தெரிந்தது. இரண்டே ஆண்டில் இறந்துபோனார். அவர் சாதனை 56 ஆண்டுகள் நின்றது.

அடுத்த ஆண்டு ஜப்பானின் சாச்சியோ கினுகாசா வைத்திருந்த 2,215 ஆட்ட உலகச் சாதனையையும் ரிப்கென் கடந்தார். கினுகாசாவே நேரில் வந்து பார்த்தார்.

முற்றுப்புள்ளி வைத்தது யார்?

1998 செப்டம்பர் 20. பால்டிமோரில் அந்த சீசனின் கடைசி ஆட்டம். ரிப்கென் மேலாளர் ரே மில்லரிடம் போய், இன்று நான் ஆடவில்லை என்றார். காயம் இல்லை, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. அவருக்குப் பதிலாக மூன்றாம் பேஸில் இறங்கிய புதுமுகம் ரயன் மைனர், சீனியர்கள் தன்னைக் கலாய்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். விஷயம் புரிந்ததும் எதிரணியான யாங்கீஸ் வீரர்களும் எழுந்து கைதட்டினார்கள். கணக்கு 2,632-ல் நின்றது.

அடுத்த ஆண்டு என்ன ஆனது தெரியுமா? முதுகுவலியால் இரண்டு முறை காயப்பட்டியலில் சேர்ந்து, 86 ஆட்டம்தான் ஆடினார். 38 வயதைக் கடந்த அந்த சீசனில் அவர் சராசரி .340. அதுவரை அவர் தொடாத உயரம்! 'ஓய்வு எடுத்திருந்தால்...' என்று அன்று கேட்டவர்களுக்கு இது ஒரு பதில் மாதிரி தெரியலாம். ஒரு சீசனை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. ஆனால், உட்கார்ந்ததால் அவர் எதையும் இழக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

2001-ல் ஓய்வு பெற்றார். 2007-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கான வாக்கெடுப்பில் 98.53 சதவீத ஓட்டு கிடைத்தது.

'லீவே போடாத ஆள்' என்று பெருமையாகச் சொல்லும் பழக்கம் நம் ஊர் அலுவலகங்களிலும் உண்டு. அதற்கு ரிப்கெனை உதாரணமாகக் காட்டுபவர்கள் 1995-ஐ மட்டுமே சொல்வார்கள். 1998-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 16 ஆண்டுகள் தினமும் வருவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கும்போது, 'இன்னைக்கு நான் வரலை' என்று தானாகச் சொல்வதற்குத் தேவைப்படும் தெம்பு வேறு வகை.