வெல்வெட் இலை ஆந்தூரியம் வீட்டுக்குள் வாடுவது ஏன்?

வெள்ளி நரம்புகள் ஓடும் கரும்பச்சை இலைகளுக்காக விரும்பி வாங்கப்படும் ஆந்தூரியம் கிரிஸ்டலினம், வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர் மிகுதியாலேயே அழிகிறது.

பனாமா, கொலம்பியா மழைக்காடுகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, மரங்களின் மீது தொற்றியும் வளரக்கூடியது. காற்றோட்டத்துக்குப் பழகிய அதன் தடித்த வேர்கள், ஈரம் தேங்கும் தோட்ட மண்ணில் அழுகிவிடும். வேர் அழுகினாலும் இலை வாடவே செய்யும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவது கேட்டை விரைவுபடுத்தும். தேங்காய் மட்டைத் துண்டுகள், மரப்பட்டை, அடுப்புக்கரி, பெர்லைட் சேர்ந்த தளர்வான கலவையே ஏற்றது. அதன் மேற்பகுதி காய்ந்த பிறகு நீர் விட்டால் போதும்.

வெல்வெட் தோற்றத்தைத் தருபவை ரோமங்கள் அல்ல. இலைப்பரப்பில் குவிந்து நிற்கும் நுண்ணிய செல்களே. காட்டு நிழலுக்குப் பழகிய இந்த இலை நேரடி வெயிலில் கருகும். பளபளப்புக்காக எண்ணெய் தடவுவதும் அதன் மென்பரப்பைக் கெடுக்கும்.

தில்லி போன்ற வட இந்திய நகரங்களில் குளிர்காலமே பெரும் சோதனை. வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் அறையும், ஹீட்டர் காற்று நேராகப் படும் மூலையும் இதற்கு ஆகாது.

செடியில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாய் எரிந்து வீங்கக்கூடும் என்பதால், குழந்தைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.