உறக்கம் தருவது உப்பா, வெந்நீரா?

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலில் நாள்தோறும் இரவில் பள்ளியறைப் பூசை நடைபெறுகிறது. சுவாமி சந்நிதியிலிருந்து இறைவனின் திருப்பாதங்கள் பல்லக்கில் எழுந்தருளி அம்மன் சந்நிதிப் பள்ளியறையை அடைகின்றன. தீபாராதனை முடிந்து கதவு சாத்தப்பட்டதும் திருக்கோயில் முழுவதும் அமைதியில் ஆழ்ந்துவிடுகிறது. அதனைக் கண்ணாரத் தரிசித்து வீடு திரும்பும் முதியவர்கள் பலருக்கோ, மணி பன்னிரண்டு அடித்தாலும் இமை பொருந்துவதில்லை. பிரகாரத்தைச் சுற்றி வந்த கால்கள் கடுக்கின்றன. ஒருவாறு கண்ணயர்ந்தால், கோழி கூவுமுன்னே விழிப்பு வந்துவிடுகிறது.

இத்தகையோரின் வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு வெள்ளைப் பொட்டலம் தென்படுகிறது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் மகளோ மருமகனோ அன்போடு வாங்கி வந்து தரும் எப்சம் உப்பு அது. இதனை வெந்நீரில் கரைத்து உடலையோ கால்களையோ நனைய வைத்தால், அதிலுள்ள மெக்னீசியம் தோல் வழியே உட்புகுந்து, நரம்புகளைத் தளர்த்தி, ஆழ்ந்த உறக்கத்தைத் தரும் என்று சொல்லப்படுகிறது. உள்ளூர் மருந்துக் கடைகளிலும் இது கிடைக்கிறது. உண்மையில் இது புதுச் சரக்கு அன்று. முந்தைய தலைமுறையினர் மலச்சிக்கலுக்குக் கலக்கிக் குடித்த அதே பேதியுப்புதான், வாசனையும் வண்ணமும் சேர்ந்து வேறு உறையில் திரும்பி வந்திருக்கிறது.

எப்சம் என்பது இங்கிலாந்தில் லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். 1618ஆம் ஆண்டு, வறண்ட கோடையில், ஹென்றி விக்கர் என்னும் மாட்டிடையர் ஒரு பள்ளத்தில் நீர் ஊறியிருக்கக் கண்டார் என்றும், தாகத்தால் வாடிய மாடுகள்கூட அதில் வாய் வைக்க மறுத்தன என்றும் மரபாகச் சொல்லப்படுகிறது. நீர் அவ்வளவு கசந்தது. ஆனால் குடித்தவர்களுக்கு வயிறு சுத்தமாயிற்று. செய்தி பரவவே, எப்சம் நகரம் நோயாளிகளும் செல்வர்களும் கூடும் இடமாயிற்று. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீஸ் 1667இல் அங்குச் சென்று அந்நீரைப் பருகியிருக்கிறார். 1695இல் நெகேமியா குரூ என்னும் மருத்துவ அறிஞர் அந்த நீரின் கசப்பு உப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பின்னர் உப்பைத் தனியே தயாரிக்க வழி பிறந்தது. ஊற்றைத் தேடிச் செல்லும் தேவை குறைந்தது. இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. எப்சம் நகருக்குப் பெயர் தேடித் தந்தது அந்நீரின் பேதிக் குணமே. அதில் கால் நனைத்தால் உறக்கம் வரும் என்பதன்று.

வேதியியல் முறைப்படி இது மெக்னீசியம் சல்பேட். சமையல் உப்புக்கும் இதற்கும் நிறத்தைத் தவிர உறவு ஏதுமில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் ஏழு நீர் மூலக்கூறுகளைச் சுமந்திருப்பதால், பொட்டலத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. மீதிப் பாதியில் உள்ள மெக்னீசியமாவது தோலைக் கடந்து செல்கிறதா? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. தோலின் மேலடுக்கு, உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியிலுள்ளவை உள்ளே புகாமலும் காக்கும் கொழுப்புப் பூச்சுடைய மதில். நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த மெக்னீசியம் அம்மதிலை எளிதில் தாண்டுவதில்லை. தோல் வழி மெக்னீசியம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு 2017இல் வெளிவந்தது. அக்கருத்துக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. உப்புக்குச் சாதகமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பர்மிங்காம் பல்கலைக்கழகச் சோதனை, மிகச் சிலரை மட்டும் வைத்துச் செய்யப்பட்டது. துறை அறிஞர்களின் பரிசீலனைக்கு உட்பட்டு ஆய்விதழில் வெளிவந்ததும் அன்று.

அப்படியானால், கால் நனைத்து நன்றாகத் தூங்கியதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் பெற்ற பயன் உண்மையானதே. அதனைத் தந்தது உப்பன்று, வெந்நீர்.

இரவு நெருங்கும்போது உடலின் உட்சூடு மெல்லக் குறைவது இயற்கை. அவ்வாறு குறைவதே மூளைக்கு உறங்கும் வேளை வந்ததென அறிவிக்கும் அடையாளங்களுள் ஒன்று. உள்ளேயிருக்கும் சூடு வெளியேறும் வாயில்கள் உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும். வெதுவெதுப்பான நீர் பட்டதும் அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. தோலுக்குக் குருதி பெருகுகிறது. நீரை விட்டு எழுந்தபின் உட்சூடு விரைந்து தணிகிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999இல் 'நேச்சர்' இதழில் இதனை எழுதினர். கை கால்களின் இரத்தக் குழாய்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றனவோ, அவ்வளவு விரைவில் உறக்கம் வருகிறது என்பது அவர்கள் கண்டது. 2019இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் பல ஆய்வுகளைச் சலித்தெடுத்து, படுக்கைக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பாக 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் குளிப்பவர்கள் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகக் கண்ணயர்கிறார்கள் என்று கணக்கிட்டனர். அக்கணக்கில் உப்புக்கு இடமில்லை. இரவு படுக்கப் போகுமுன் கால் கழுவிக்கொண்டு படுக்கச் சொன்ன பாட்டிமார்கள் தூய்மையை நினைத்தே சொல்லியிருக்கக் கூடும். நீர் சற்று வெதுவெதுப்பாக இருந்திருந்தால், அறியாமலே இப்பயனையும் தந்திருப்பார்கள்.

தொட்டியில் படுத்துக் குளிக்கும் வழக்கம் இங்கு அரிது. முதியவர்களுக்கு அது தேவையும் இல்லை. வழுக்கும் தொட்டியிலிருந்து எழுவதே பெரும்பாடு. கணுக்கால் மூழ்கும் அளவுக்கு நீர் கொள்ளும் அகன்ற பாத்திரமும் சாய்மானமுள்ள நாற்காலியும் போதும். ஆய்வில் சொல்லப்பட்ட 42 டிகிரி வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு அதிகம். உடற்சூட்டைச் சற்றே மிஞ்சினால் போதுமானது. பாத்திரத்தில் முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் ஊற்றிக் கலக்கி, வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். கால் உள்ளே இருக்கும்போது கொதிநீரைச் சேர்க்கவே கூடாது. பதினைந்து நிமிடம் ஆனதும் காலை எடுத்து, விரலிடுக்குகள் உட்பட ஈரமில்லாமல் துடைத்து, சிறிது நேரம் அமர்ந்திருந்து பிறகு எழ வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஈரக் காலோடு நடந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், போன உறக்கத்தை மீட்கப் போய்ப் பல மாதம் படுக்கையிலேயே கழிக்க நேரிடும். உப்பு சேர்க்க விரும்புவோர் அரைக் கிண்ணம் சேர்க்கலாம். நீர் மென்மையாக இருப்பது போன்ற சுகம் கிடைக்கும். சேர்க்காவிட்டாலும் இழப்பு ஏதுமில்லை. வாசனை கலந்து பன்மடங்கு விலையில் விற்கப்படும் சீசாவுக்குப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் நிச்சயமாக இல்லை.

இனிச் சொல்லவிருப்பது, இந்தப் பாத்திரத்தை அணுகவே கூடாதவர்களைப் பற்றி. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல் எப்படிச் சுடும் என்பது பக்தர்கள் அறிந்ததே. அதற்காகவே தேங்காய் நார் விரிப்பு போடுகிறார்கள், வெள்ளை பூசுகிறார்கள். பக்கத்தில் வருபவர்கள் துள்ளி ஓடும் அக்கல்லில், நிதானமாக நடந்து போகும் ஒரு முதியவரைக் காணலாம். அதைப் பக்தியின் உறுதி என்று சுற்றியிருப்பவர்கள் வியக்கக்கூடும். பல ஆண்டு நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி மங்கியிருப்பதும் காரணமாக இருக்கலாம். மறுநாள் பேத்தி பார்த்துச் சொன்ன பிறகே உள்ளங்காலில் கொப்புளம் இருப்பது அவருக்குத் தெரியவரும். அதே கால்தான் வெந்நீரில் வைக்கப்படும்போதும் சூட்டை அறிவிக்காமல் இருந்துவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களின் வெந்த புண் ஆறத் தாமதிக்கும். அழுகினால் விரலையோ காலையோ இழக்க நேரிடும். ஊறிய தோல் வறண்டு வெடிப்பதும் கிருமிக்கு வழி. ஆகவே நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள், காலில் புண்ணோ வெடிப்போ உள்ளவர்கள், காலுக்குக் குருதியோட்டம் குறைந்தவர்கள் கால் நனைப்பதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குத் தளர்வான பருத்திக் காலுறை போதும். அதுவும் பாதத்தைக் கதகதப்பாக வைக்கும் வழியே.

இன்னோர் ஆபத்து சமையலறையில் இருக்கிறது. பேதியுப்பு பார்வைக்குக் கல்லுப்பைப் போன்றதே. பெயர் எழுதாத டப்பாவில் அடுப்பு மேடையில் வைத்தால் குழம்பில் விழ எவ்வளவு நேரமாகும்? சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலால் மிகுதியான மெக்னீசியத்தை வெளியேற்ற இயலாது. அது இரத்தத்தில் சேர்ந்தால் தசை தளரும், அழுத்தம் இறங்கும், மூச்சும் இதயத் துடிப்பும் மந்தமாகும். பழைய நினைவில் மலச்சிக்கலுக்கு இதைக் கலக்கிக் குடிப்பதும் மருத்துவரைக் கேளாமல் கூடாது. நெடுநாள் உண்டுவரும் தூக்க மாத்திரையை, உப்பு நீரை நம்பித் திடீரென நிறுத்துவதும் தவறு. குறட்டையோடு மூச்சுத் திணறி விழிப்பவர்களுக்கும், இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுபவர்களுக்கும் கால் பாத்திரத்தில் விடை கிடைக்காது. மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

மெக்னீசியம் உடலுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. அது சேர வேண்டிய வழி வாய். கேழ்வரகு, கம்பு, எள், நிலக்கடலை, கீரை ஆகியவற்றில் அது நிறைய உண்டு. நவராத்திரியில் ஒன்பது நாளும் இலைத் தொன்னையில் கிடைக்கும் சுண்டலிலும், சனிக்கிழமை எள் சாதத்திலும் உண்டு. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் தாராளமாக உண்ணலாம்.

நனைத்தபின் ஆறிய நீரை வாழைக்கோ தென்னைக்கோ ஊற்றிவிடலாம். இலையின் பச்சையத்துக்கு மெக்னீசியம் வேண்டும். கால் கழுவிய நீர் என்பதால் துளசி மாடத்துக்கு மட்டும் கொண்டு போக வேண்டாம்.