ஆவடி டாங்கி ஏன் எல்லை தாண்டவில்லை?

நம்ம திருமழிசைக்குப் பக்கத்திலேயே, ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. டேங்க் பேக்டரின்னு சொன்னால்தான் பஸ்ஸில் தெரியும். விஜயந்தா, அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் டாங்கிகள் அங்கே செய்தவைதான். இத்தனை இருந்தும் பாகிஸ்தானுக்குள்ளே போய் ஒரே அடியா ஏன் முடிக்கலைன்னு எங்க வகுப்புப் பசங்க கேக்கறாங்க. நானும் கேட்டிருக்கேன்.

ஒரு தடவை போகிற மாதிரிதான் இருந்தது. 13-12-2001 அன்று தீவிரவாதிகள் நாடாளுமன்றத்தைத் தாக்கினார்கள். உடனே 'ஆபரேஷன் பராக்ரம்'. சுமார் 5 லட்சம் வீரர்கள் எல்லைக்குக் கிளம்பினார்கள். ஆனால் முக்கியமான டாங்கிப் படைகள் மதுரா, அம்பாலா, போபாலில் இருந்தன. ரயிலில் ஏற்றி எல்லையில் சேர்க்கவே 3 வாரம் ஆச்சு! அதற்குள் எதிர்ப்பக்கமும் படை வந்து நின்றுவிட்டது.

இன்னொரு பெரிய காரணம் அணுகுண்டு. 1998 மே மாதம் இரண்டு நாடுகளும் வெடித்துச் சோதித்தன. முதலில் போட மாட்டோம் என்று இந்தியா சொல்லியிருக்கிறது. பாகிஸ்தான் அப்படிச் சொல்லவில்லை. வாகா எல்லையிலிருந்து லாகூர், நம்ம ஊரிலிருந்து சென்ட்ரல் போற தூரம்தான். டாங்கி அந்த ஊரை நெருங்கினால் அவங்க என்ன செய்வாங்க? எது வரைக்கும் பொறுப்பாங்க? அந்தக் கோடு எங்கேன்னு யாருக்கும் தெரியாது.

2002 அக்டோபரில் படையைத் திரும்ப அழைத்தார்கள். போரே நடக்கவில்லை. ஆனாலும் கண்ணிவெடியிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கான வீரர்கள் இறந்துபோனார்கள். இதைப் படித்தபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அதன்பின் வழி மாறியது. 2016-ல் கமாண்டோக்கள் போனார்கள். 2019-ல் பாலகோட்டில் விமானம் குண்டு போட்டது. பஹல்காமில் 26 பேரைக் கொன்ற பிறகு, 2025 மே 7-ல் 'ஆபரேஷன் சிந்தூர்', ஏவுகணை. சீக்கிரம் அடி, அதோடு நிறுத்து என்பதுதான் கணக்கு. நிறுத்துவது நம்ம கையில் மட்டும் இல்லையே! அவர்களும் திருப்பி அடித்தார்கள். பூஞ்ச் ஊரில் பீரங்கிக் குண்டு விழுந்து பொதுமக்கள் செத்தார்கள்.

எங்க பெரியம்மா மகன் பஞ்சாபில் ராணுவத்தில் இருக்கிறார். அந்த 4 நாளும் அண்ணன் போன் கிடைக்கவில்லை. தெருவில் பசங்க பட்டாசு வெடிச்சாங்க. பெரியம்மா டிவியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மே 10 சாயந்திரம் 5 மணிக்குச் சண்டை நின்றது. மறுநாள் காலையில்தான் அண்ணன் பேசினார். பெரியம்மா சண்டையைப் பற்றி ஒண்ணும் கேக்கல. "சாப்டியாப்பா"ன்னுதான் கேட்டாங்க.

- 9-ஆம் வகுப்பு மாணவி