கூட்டாக வாங்கும் சூரிய மின்தகடுகள்: விலையும் உத்தரவாதமும்

அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச்சாலையில் 1954ஆம் ஆண்டில் செய்து காட்டப்பெற்ற சிலிக்கன் மின்கலம், தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை மட்டுமே மின்சாரமாக மாற்றியது. நமது நாட்டில், உத்தரப் பிரதேசத்துச் சாகிபாபாதிலுள்ள சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977ஆம் ஆண்டில் முதல் மின்கலத்தையும், மறு ஆண்டில் முதல் மின்தகட்டையும் உருவாக்கியது. இன்று விற்பனையாகும் நல்ல தகடுகள் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் மாற்றவல்லவை. மத்திய அரசாங்கம் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதம மந்திரி சூரிய கர்’ திட்டம் மூன்று கிலோவாட் அமைப்பு ஒன்றிற்கு 78,000 ரூபாய் மானியம் வகுத்தது. அதன்பின் கூரைமீது தகடு அமைப்பது சிற்றூர்களிலும் பேச்சுக்குரிய பொருளாகிவிட்டது. கள ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அணுகி, ‘எதை வாங்கலாம்?’ என்று மக்கள் கேட்கின்றனர்.

ஒரு தெருவார் இருபது பேர் ஒன்று சேர்ந்து வாங்கினால் விலை குறையும் என்பது உண்மையே. விற்பனையாளர் ஒரே லாரியில் சரக்கை இறக்கலாம். ஒரே குழுவினர் வீடு வீடாக வேலையை முடித்துச் செல்லலாம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு வாங்குவோருக்குக் கிடைக்கிறது. எனினும், கூட்டாக வாங்குவதன் முதன்மையான பயன் இந்தத் தள்ளுபடியன்று என்பது எமது கருத்து. தனி மனிதன் கேட்டால் கிடைக்காத நிபந்தனைகளை எழுத்தில் பெறுவதற்கும், பிற்காலத்தில் குறையைக் கண்டுபிடிப்பதற்கும் கூட்டமே துணையாகிறது.

மின்தகட்டிற்கு இருவகை உத்தரவாதங்கள் உண்டு. முதலாவது, தகட்டின் செய்நேர்த்தியைப் பற்றியது. கண்ணாடிக்குள் ஈரம் புகுதல், பின்தாள் உரிதல் போன்ற குறைகளுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு ஆண்டுகள் பொறுப்பேற்பது. இரண்டாவது, மின் உற்பத்தியைப் பற்றியது. இருபத்தைந்தாம் ஆண்டின் முடிவிலும் தொடக்கத் திறனில் நூற்றுக்கு எண்பது பங்கேனும் எஞ்சியிருக்கும் என்பது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது இந்த இரண்டாவது உத்தரவாதமே. ஆனால், வாங்குவோருக்குப் பெரிதும் உதவக்கூடியது முதலாவதே.

ஏன் என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். மூன்று கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட், ஆண்டிற்கு 4,380 யூனிட் தருவதாகக் கொள்வோம். முதல் தகடு, முதலாண்டில் நூற்றுக்கு 97 பங்கிற்கும், பின்னர் ஆண்டிற்கு 0.7 பங்குக்கு மேல் குறையாமைக்கும் உத்தரவாதம் தருகிறது. இரண்டாவது தகடு 98 பங்கில் தொடங்கி, ஆண்டிற்கு 0.4 பங்குக்கு மேல் குறையாது என்கிறது. அதன் விலை 15,000 ரூபாய் கூடுதல். இரண்டும் உத்தரவாத அளவிலேயே உழைத்தால், இருபத்தைந்து ஆண்டுகளில் இரண்டாவது தகடு சுமார் 5,000 யூனிட் அதிகம் தரும். யூனிட் ஐந்து ரூபாயெனில் 25,000 ரூபாய். கூடுதல் விலையைக் கொடுக்கலாம் என்றே தோன்றும். ஆனால் அந்த 5,000 யூனிட்டில் முதல் பத்தாண்டுகளில் கிடைப்பது ஏறத்தாழ 1,030 மட்டுமே. அதன் மதிப்பு 5,150 ரூபாய். எஞ்சியவை யாவும் தொலைவான ஆண்டுகளில் வருபவை. உத்தரவாதம் என்பது கீழெல்லை மட்டுமே. முதல் தகடும் அதைவிட நன்றாக உழைக்கக்கூடும் என்பதையும் மறத்தல் ஆகாது.

அத்தொலைவான ஆண்டுகளில் உத்தரவாதம் தந்தவர் இருப்பாரா? அமெரிக்காவின் சோலிண்ட்ரா நிறுவனம் 2011ஆம் ஆண்டில் திவாலாயிற்று. சீனத்தின் சன்டெக் நிறுவனத்தினது முதன்மையான கிளை 2013ஆம் ஆண்டிலும், ஜெர்மனியின் சோலார்வேர்ல்ட் 2017ஆம் ஆண்டிலும் அதே நிலையை அடைந்தன. அவற்றின் தகடுகள் கூரைகளில் தொடர்ந்து மின்சாரம் தந்திருக்கலாம். உத்தரவாதப் பத்திரத்தை நீட்டுவதற்குத்தான் பழைய நிறுவனம் இல்லை.

நிறுவனம் நிலைத்திருந்தாலும் குறையை நிறுவுதல் எளிதன்று. தகட்டின் மீது பொறிக்கப்பட்ட வாட் அளவு, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியிலும் 25 டிகிரி வெப்பத்திலும் சோதனைச்சாலையில் கண்டது. நமது கோடையில் கூரைத்தகடு 60 டிகிரியை எட்டும். ஆகவே கூரையில் கண்ட குறைவைக் காட்டி இழப்பீடு கேட்க முடியாது. சோதனைச்சாலை அறிக்கை வேண்டும். சோதனைச் செலவையும், தகட்டைக் கழற்றி அனுப்பி மீண்டும் பொருத்தும் கூலியையும் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. இருபது வீட்டார் சேர்ந்து இரண்டொரு தகடுகளை அனுப்பினால், அச்செலவு ஒவ்வொருவருக்கும் சிறிதே.

இனி, முதலில் பழுதாகக்கூடியது தகடன்று, இன்வெர்ட்டரே. நேர்மின்சாரத்தை வீட்டிற்கேற்ற மாறுமின்சாரமாக மாற்றும் இக்கருவியின் உத்தரவாதம் பல இடங்களில் ஐந்தாண்டே. ஏழாம் ஆண்டில் அது நின்றுபோனால், மேற்சொன்ன 5,150 ரூபாயைப் போலப் பல மடங்கு ஒரே நாளில் செலவாகும். ஆதலால் மேற்கண்ட 15,000 ரூபாயைச் செலவிட மனமிருந்தால், அதை இன்வெர்ட்டரின் உத்தரவாதத்தைப் பத்தாண்டாக நீட்டுவதற்கும், பழுதுபார்க்கும் கூலியையும் போக்குவரத்தையும் அதில் சேர்ப்பதற்கும் கேட்பது மேல். சூரிய கர் திட்டத்தின்படி விற்பனையாளர் ஐந்தாண்டுப் பராமரிப்புக்குப் பொறுப்பாளர். குழுவினர் பேரம் பேசவேண்டியது ஆறாம் ஆண்டிலிருந்துதான்.

குழுவே ஓர் அளவுகருவியுமாகும். தனி வீட்டார் இம்மாதம் 285 யூனிட் வந்தது என்று கண்டால், அது நல்லதா, கெட்டதா என்று அறிய வழியில்லை. இருபது வீட்டாரும் மாதந்தோறும் மீட்டரைப் படித்து, கிலோவாட் எண்ணிக்கையால் வகுத்து ஒரே பலகையில் எழுதினால், பத்தொன்பது வீடுகளில் 115 முதல் 120 வரையும் ஒன்றில் மட்டும் 95 என்றும் தெரியவரும். அவ்வீட்டில் முதலில் நிழலையும் தூசியையும் பார்க்கவேண்டும். வேப்பங்கிளை ஒன்று வளர்ந்திருப்பதே காரணமாக இருக்கக்கூடும். அதன்பின் இணைப்புக் கம்பிகளை நோக்கி, இறுதியில் தகட்டின்மீது ஐயம் கொள்ளலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இக்கணக்கைச் செய்வது நல்ல பாடமாகும். ஒரு குறை மட்டும் உண்டு. எல்லா வீட்டுத் தகடுகளும் ஒரே தொகுதியில் வந்தவையாகி, ஒருசேரத் தேய்ந்தால், ஒப்பீடு எதையும் காட்டாது. அதற்காகச் சென்ற ஆண்டின் அதே மாதக் கணக்கையும், வேறு நிறுவனத் தகடு வைத்துள்ள அண்டை ஊரின் கணக்கையும் உடன்வைத்துப் பார்க்கவேண்டும்.

கூட்டாகப் பேரம் பேசினாலும் பத்திரங்கள் தனித்தனியே இருத்தல் வேண்டும். மானியம் வீட்டுக்காரர் ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கில் சேர்வது. அவ்வாறே விலைச்சீட்டும், தகடுகளின் வரிசை எண்களும், உத்தரவாதமும் அவரவர் பெயரில் அமையவேண்டும். குழு கலையலாம், வீடு கைமாறலாம். வீட்டை விற்றால் உத்தரவாதம் வாங்குபவருக்குச் செல்லுமா என்பதையும் கையெழுத்திடுமுன் கேட்டு எழுதிக்கொள்க. குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் சங்கமாகச் சேர்ந்து, 2016ஆம் ஆண்டில் உபரி மின்சாரத்தை விற்கத் தொடங்கிய உழவர்கள், இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் யூனிட்டுக்கு 4.63 ரூபாய் பெற்றனர். அத்தகைய நீண்ட ஒப்பந்தத்தில் இறங்குவோர், பொது நிதியிலிருந்து அதே வகைத் தகடு இரண்டை உதிரியாக வாங்கிப் பள்ளியிலோ சங்கக் கட்டடத்திலோ வைத்துக்கொள்வது நலம். பத்தாண்டு கழித்து அதே அளவுத் தகடு அங்காடியில் கிடைப்பது அரிது.