மானுக்கேற்ற தோட்டா

சென்ற மாதம் ஹெப்பகோடி அன்பர் ஒருவர் நம் சங்கத்தின் வாசகசாலைக்கு வந்து, தம் மகன் கைப்பேசியில் அனுப்பியிருந்த கடிதத்தை நம்மிடம் காட்டினார். அன்பர் ஓசூர்ச் சாலைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பதாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் அஞ்செட்டிப் பக்கம். மகன் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் குடியேறியுள்ளான். உடன் வேலை செய்யும் நண்பர்கள் அவனைக் கடமான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார்களாம். "தாத்தா காலத்தில் நம் வீட்டில் துப்பாக்கி இருந்ததல்லவா, கடமானுக்கு எந்தத் தோட்டா ஏற்றது?" என்பது அவன் கேள்வி.

"போகாதே என்று எழுதுவதா, தோட்டாவின் பெயரை எழுதுவதா, எனக்கு விளங்கவில்லை" என்றார் அன்பர். கொல்லாமையைப் பற்றி அவருக்கு நாம் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் குடும்பத்து விஷயம். ஆயினும், மகன் போவதென்றே தீர்மானித்துவிட்டால், தவறான தோட்டாவோடு போவதைவிடச் சரியானதோடு போவது மானுக்கு நல்லது என்ற அளவில் எமக்கு ஐயமில்லை.

நம் ஊரில் இக்கேள்விக்கே இடமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஹெப்பகோடிக்கு மேற்கே பன்னேருகட்டா காடு இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்கா. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. உரிமம் பெற்றுச் சுடுவதற்கு எஞ்சியிருந்த வழியையும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. புள்ளிமானோ, கன்னடத்தார் 'கடவெ' என்றழைக்கும் கடமானோ, இன்று எந்தத் தோட்டாவுக்கும் உரியதன்று. ஆனேக்கல் பக்கம் விருந்துக்குக் கூப்பிட்டு, "நல்ல காட்டு இறைச்சி" என்று யாரேனும் இலையில் பரிமாறினால், நம் குடும்பத்தார் எழுந்து வந்துவிடுவதே உத்தமம். உண்டவரையும் வழக்கு தேடி வரும்.

முன்பு நிலைமை வேறு. பெங்களூரில் வாழ்ந்து 1974-இல் காலமான கென்னத் ஆண்டர்சன் எழுதிய வேட்டைக் கதைகளில் ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்று நாம் பேருந்தில் கடந்து போகும் ஊர்களெல்லாம் வருகின்றன. அவர் கையிலிருந்தது .405 வின்செஸ்டர் ரைபிள். 1904-இல் வெளிவந்த அதன் தோட்டாவின் குண்டு 300 கிரெயின் எடையுள்ளது. நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரைப் பவுன். ஆட்கொல்லிப் புலிக்கு அது பொருந்தும். புள்ளிமானுக்கோ அத்தனை பெரிய குண்டு வேண்டியதில்லை.

அன்பரின் தகப்பனார் வைத்திருந்தது .315. நம் நாட்டில் உரிமம் பெற்ற பழைய ரைபிள்களில் இதுவே பெரும்பான்மை. ஈசாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இராணுவம் வழங்கிய .303 குடிமக்கள் கையில் இருக்கலாகாது என்று வெள்ளையர் ஆட்சி விலக்கியிருந்ததால், அதனோடு பொருந்தாத வேறு அளவு தேவைப்பட்டது. காட்டையும் மானையும் பார்த்துத் தேர்ந்த அளவன்று. சர்க்கார் கலகத்துக்கு அஞ்சித் தேர்ந்த அளவு! அப்படியிருந்தும் அது மானுக்குப் போதுமானதாகவே அமைந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அடியில் தட்டியதும் தீப்பொறி எழுப்பும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு ஆகியவை சேர்ந்தது. .270 என்றால் அக்குண்டின் குறுக்களவு ஏறக்குறைய அங்குலத்தில் ஆயிரத்தில் 270 பங்கு. குறுக்களவு ஒன்றை மட்டும் வைத்துப் பயனில்லை. எடையும் வேகமும் சேர்ந்தே குண்டின் ஆற்றலைத் தீர்மானிக்கின்றன. அதற்கும் மேலாக, அந்த ஆற்றல் மானின் உடலுக்குள் எவ்வாறு செலவாகிறது என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் குண்டின் முனை முக்கியமாகிறது. முழுவதும் உலோக உறையிட்ட கடின முனைக் குண்டு மானின் உடலில் ஊசி போலப் புகுந்து மறுபுறம் வெளியேறிவிடும். மான் ஓடிப்போய் இரண்டு நாள் புதரில் கிடந்து சாகும். மென்முனைக் குண்டோ உள்ளே சென்றதும் காளான் போல விரிந்து நுரையீரலையும் இருதயத்தையும் உடனே செயலற்றதாக்கும். இத்தகைய குண்டைக் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் 1890-களில் போருக்கென்றே செய்தார்கள். மனிதர்மேல் அதைச் சுடுவது கொடுமை என்று 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் தடை செய்தன. மனிதனுக்கு விலக்கப்பட்ட அதே குண்டை, இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் மானுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. முதலில் படித்தபோது நாமும் திகைத்தோம். போரில் காயமுற்றவனைத் தூக்கிச் செல்லத் தோழர் உண்டு, மருத்துவர் உண்டு. காயமுற்ற மானுக்கு யார் இருக்கிறார்கள்?

அதே சட்டம் ரைபிள் .240-க்குக் குறையாமலும், குழல் வாயில் குண்டின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 1,700 பவுண்டு எடையை ஓரடி உயரம் தூக்கும் ஆற்றல்.

விக்டோரியாவின் விதி இன்னும் நுட்பமானது. அது மானின் உருவத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது. எழுபது முதல் தொண்ணூறு கிலோ வரையுள்ள புள்ளிமானுக்கு .243 அளவும் 80 கிரெயின் குண்டும் குறைந்தபட்சம். இருநூறு கிலோவையும் தாண்டி வளரும் கடமானுக்கு .270 அளவும் 130 கிரெயின் குண்டும் வேண்டும். ஒரு பவுனுக்குச் சற்று மேல்! ஒரு பவுன் ஈயமும் செம்பும் இருநூறு கிலோ உயிரை வீழ்த்துகிறது என்பதை நினைத்தால் மனம் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது. கடமானுக்குத் தோளெலும்பு தடிமனானது. வேகமான லேசான குண்டு அதில் மோதி மேற்புறத்திலேயே சிதறிவிடக்கூடும் என்பதால்தான் எடையையும் விதியில் சேர்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் பெரிதிலும் பெரிதாக வாங்கினால் என்ன? புதியவர்கள் செய்யும் பிழை அதுவே. பெருந்தோட்டா தோளில் பலமாக உதைக்கும். இரண்டு முறை உதைபட்டவன் மூன்றாம் முறை விசையை இழுக்குமுன் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்வான். குண்டு வயிற்றில் படும். வயிற்றில் பட்ட பெரிய குண்டைவிட முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்ட சிறிய குண்டு ஆயிரம் மடங்கு மேல். ஜிம் கார்பெட் சம்பாவத்துப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-இல் அவருக்குப் பரிசாகத் தரப்பட்ட .275 ரிக்பி ரைபிள் பெரியதன்று; உதைப்பும் மிதமே.

ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல். மென்முனை ஈயக் குண்டு சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இறைச்சியில் தங்குகின்றன. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. வீட்டில் சிறு குழந்தை இருப்பதால், மகன் செம்புக் குண்டு வாங்குவதே நன்று என்றோம்.

அன்பர் வேறொன்று கேட்டார்: "நம் காட்டுக் கடமானுக்கு அங்கே என்ன வேலை?" 1860-களில் குடியேறிய வெள்ளையர் அதைத் தெற்காசியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். புலியில்லாத மலையில் பல்கிப் பெருகி, அந்நாட்டுச் செடிகொடிகளை மேய்ந்து அழிக்கிறது. தாயகத்திலோ அது அழிவபாயம் நேரக்கூடிய இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. அங்கே மிகுதி, இங்கே அருமை.

அன்பர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு கைப்பேசியில் மெல்லத் தட்டினார்: ".308 வாங்கு, 150 கிரெயின், செம்பு முனை. துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் இரண்டும் எடு. முதலில் பயிற்சித் திடலில் நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு கையகலத்துக்குள் விழட்டும். விழும்வரை காட்டுக்குப் போகாதே. சுட்ட மானைத் தேடாமல் திரும்பாதே." அனுப்பிய பின், தம் தகப்பனார் அந்த .315-ஐக் கடைசியில் காவல்நிலையத்தில் ஒப்படைத்ததையும், ஒப்படைக்கப் போன நாளிலும் அதற்கு எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டு போனதையும் நம்மிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.